கேனுக்குப் பக்கத்தில் ஒரு சாட்சி

காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் கோயில் மணி காதில் விழும் தூரத்தில்தான் நான் பால் அளக்கும் நிலையம். பதினொரு வருஷமாகக் காலை ஐந்தரைக்குக் கதவைத் திறக்கிறேன். பழைய மிஷின் ஒரு துளியை உறிஞ்சிக் கொழுப்பையும் சத்தையும் பார்த்து, விலையையும் தானே போட்டுச் சீட்டைத் தள்ளிவிடும். புதிது அப்படியில்லை. அளந்ததை எங்கேயோ இருக்கும் சர்வருக்கு அனுப்பும். அங்கிருந்து பதில் வந்தால்தான் சீட்டு.

போன ஐப்பசி மழையில் நெட் போய்விட்டது. இரண்டு லிட்டர் பாலோடு நனைந்து நின்ற பாட்டி ஒருத்தி கேட்டாள்: "எம் மாட்டுப் பாலுக்கு எங்கியோ இருக்கறவன் எதுக்கும்மா சாட்சி? நீ பார்த்தியே, போதாதா?"

சாட்சிக்குப் பேர்போன ஊர் இது. வாங்கிய கடனை இல்லை என்பவனையும் திருடவில்லை என்று சாதிப்பவனையும் குளத்தில் முழுகவைத்து, ஈரத் துணியோடு பிள்ளையார் முன்னால் சத்தியம் கேட்பார்கள். வைகுண்டத்துக்கோ கைலாசத்துக்கோ சேதி போய்த் திரும்ப வேண்டியதில்லை. இங்கே இருப்பவரே முழுச் சாமி.

இதை அழகாகச் சொன்னவர் வைணவப் பெரியவர் பிள்ளை லோகாசாரியர். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். தாகம் எடுத்தவனுக்கு, பரமபதத்து நிலை அண்டத்துக்கு வெளியே சூழ்ந்த நீர் போல. பாற்கடல் நிலை அந்தப் பாற்கடல் போலவே எட்டாதது. அவதாரங்கள் பெருகி ஓடிப்போன ஆறு. உள்ளே உறைபவன் நிலத்தடி நீர். கோயில் திருமேனியோ ஆறு வற்றினாலும் மடுவில் தேங்கி நிற்கும் நீர் என்கிறது அவருடைய ஸ்ரீவசனபூஷணம். மடு சிறிது என்பதால் அதன் தண்ணீர் வேறாகிவிடாது. கோயில் வாசலில் இருந்துகொண்டு வைணவம் பேசுவதைப் பிள்ளையார் பொறுத்துக்கொள்வார்.

கணினிக்காரர்கள் இப்போது 'எட்ஜ் கம்ப்யூட்டிங்' என்கிறார்களே, அதுவும் மடு வெட்டும் வேலைதான். கணக்கைத் தூரத்து மையத்துக்கு ஓட்டாமல் ஆள் நிற்கும் இடத்திலேயே முடிப்பது. 2022இல் வந்த யுபிஐ லைட்டும் இந்த வழிதான். ஒவ்வொரு டீக்காசுக்கும் வங்கியின் மையக் கணக்கைத் தட்டி எழுப்புவதில்லை.

பக்கத்து மிஷினை யாரும் திருத்திவிடலாமே, அதற்குத்தானே மையம் என்பார்கள். நியாயம்தான். ஆனால் அந்தச் சர்வருக்கும் தெரிவது நான் கொடுத்த துளி மட்டும். கேனை அடிவரை கலக்கி எடுத்தேனா, ஆடை மிதக்கும் மேல்பாலை மொண்டேனா என்பது அதற்குத் தெரியாது. மேலாக மொண்டால் கொழுப்பு கூடிக் காட்டும். வேண்டியவர்களுக்கு அப்படிச் செய்துவிட முடியும். அந்த நேரத்தில் கரண்டி பிடித்த கைக்குப் பக்கத்தில் இருக்கும் சாட்சி உள்ளே இருப்பவர் ஒருவர்தான். லோகாசாரியர் சொன்ன நிலத்தடி நீர் அது, தோண்டினால்தான் வரும். எங்கள் தலக்கதையிலும் பார்வை, பேச்சு, செவி என ஆளுக்கொரு குறையோடு மூன்று அண்ணன் தம்பிகள் வற்றிய கிணற்றை இன்னும் ஆழமாகத் தோண்டியபோதுதான் சாமி அகப்பட்டார். அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் இன்றைக்கும் தீர்த்தம்.

மையமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மிஷின் செய்கிறவர்களே, சீட்டை முதலில் இங்கேயே அடிக்க விடுங்கள். நெட் வந்த பிறகு கணக்கு உங்களுக்கு வந்து சேரட்டும். அதுவரை அந்தப் பாட்டியை மழையில் நிறுத்தி வைக்காதீர்கள்.