ஐந்தாவது கியர்

ஜோகூரில் ஒரு வீட்டுக் கொட்டகையில், விரித்துப் போட்ட அட்டைப்பெட்டி மேல் மல்லாந்து படுத்தபடி, ஓர் இரும்புத் தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு மேலே டட்சன் 620 பிக்அப். நண்பனின் அப்பா ஓட்டிய வண்டி. அவர் போய் ஒன்றரை வருடமாகிறது. பழைய வண்டி சேர்க்கும் ஒருவர் வாங்குவதாகச் சொல்லி, ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: “எல்லாம் ஒரிஜினல்தானே?”

இந்த மாதிரி வண்டியைச் சிங்கப்பூரில் பார்க்க முடியாததற்குக் காரணம் உண்டு. இங்கே சரக்கு வாகனத்தின் ஆயுளே 20 வருடம். கிளாசிக் திட்டத்தில் சேர வேண்டுமென்றால் முதல் பதிவிலிருந்து 35 வருடமாவது ஆகியிருக்க வேண்டும், அசல் நிலையில் இருக்க வேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம் போனால் இன்னும் இவை ஓடுகின்றன.

சந்தேகம் கியர் குமிழில் தொடங்கியது. அதன்மேல் 1 முதல் 4 வரைதான் பொறித்திருந்தது. ரிவர்ஸுக்கு நேர்மேலே எதுவும் இல்லை. ஆனால் லீவரைத் தள்ளினால் அங்கேயும் போய் உட்கார்ந்தது.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பின் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தினோம். நண்பன் முன்னால் ஸ்பானர் போட்டு கிராங்க்கைப் பத்து சுற்று சுற்ற, நான் கீழே ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினேன். நாலாவதில் பத்துக்குப் பத்து. இந்த வகைப் பெட்டிகளில் நாலாவது நேரடி இணைப்பு. அந்தப் பெயரில்லாத இடத்தில் போட்டுச் சுற்றினால் பன்னிரண்டைத் தாண்டியது. அதாவது ஓவர்டிரைவ், ஐந்தாவது கியர். பெட்டியின் உடலும் நிசானின் 71 வரிசை மாதிரியே இருந்தது: கிளட்ச் கூடும் முன்பாகமும் ஒரே வார்ப்பு, நடுவில் ஒரு தட்டு, பிறகு வால்பகுதி. (71 என்பது உள்ளே இருக்கும் இரண்டு தண்டுகளுக்கு இடையிலான மில்லிமீட்டர். பெயரிலேயே அளவைச் சொல்லிவிடுகிற இந்த ஜப்பானிய அடக்கம் எனக்குப் பிடிக்கும்.)

இது மட்டும் போதாது. 620 வந்தது 1972 முதல் 1979 வரை. பிற்கால வண்டிகளில் சில ஆலையிலேயே ஐந்து கியரோடு வந்தன. ஆனால் இந்த வண்டியில் தாங்கும் குறுக்குச் சட்டத்துக்குப் பழைய போல்ட் துளைகளுக்குப் பக்கத்திலேயே புதுத் துளைகள் இருந்தன. தரைத் தகட்டில் லீவர் வரும் ஓட்டையை யாரோ ரம்பத்தால் அகலப்படுத்தி, விளிம்பை அரம் போட்டு வழித்து, சைக்கிள் டியூப் ரப்பரை வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

நண்பன் அந்த ரப்பரைத் தொட்டுப் பார்த்தான். “அப்பா வேலைடா. எங்க வீட்டு கேட் கீலுக்கும் இப்படித்தான் ஒட்டி வெச்சிருக்காரு.”

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை. பிறகு அவன் கேட்டான், “இத அவர்கிட்ட சொல்லணுமா? நீதானே சொன்ன, எதுதான் ஒரிஜினல்னு.”

உண்மைதான், நான்தான் சொன்னேன். போன வாரம் தேக்காவில் டீ குடித்தபடி தீசியஸ் கப்பலை அவிழ்த்துவிட்டிருந்தேன். பலகை பலகையாக மாற்றிய கப்பல் அதே கப்பலா? கழற்றிப் போட்ட பலகைகளைச் சேர்த்து இன்னொன்று கட்டினால் எது தீசியஸுடையது என்று ஹாப்ஸ் கேட்ட துணைக்கேள்வி. மிலிந்த மன்னனிடம் நாகசேனர், அச்சு தேரா, சக்கரம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தேர் என்பது வெறும் வழக்குப் பெயர் என்று நிறுத்திய இடம். டீ ஆறும்வரை பேசினேன், பெருமையாகவும் இருந்தது.

கொட்டகையில் அதே வாதம் என்னிடமே திரும்பி வந்தபோது நாறியது. மன்னர் அந்தத் தேரில் வந்தவர், அதை யாருக்கும் விற்க வந்தவரல்ல. அது அதே தேர்தானா என்பதற்கு ஒரே பதில் இல்லாமல் இருக்கலாம். சட்டத்தைக் கேட்டால் மலேசியாவின் கெரானிலும் நம் ஊர் லாக் கார்டிலும் இருப்பது சேஸி எண்ணும் இன்ஜின் எண்ணும்தான். கியர்பாக்ஸுக்கு அங்கே இடமே கிடையாது, ஆகவே அதே வண்டி. மகனைக் கேட்டால் அப்பா கை பட்ட ஒரே பாகம் இதுதான், ஆகவே முன்னைவிட அதிகமாக அப்பா வண்டி. சேகரிப்பவருக்கு அது ஆலையை விட்டு வந்த அன்றைய நிலையிலேயே இருந்தாக வேண்டும். மூன்று பேரும் தப்பில்லை. ஆனால் கியர்பாக்ஸ் மாற்றப்பட்டதா என்ற கேள்விக்கு மூன்று பதில் கிடையாது. பத்து சுற்றுக்குப் பன்னிரண்டு. முதல் கேள்வியின் குழப்பத்தை எடுத்து இரண்டாவதன்மேல் போர்த்தி மூடுவதற்கு, தெரியாமல் நானே துணி நெய்து கொடுத்திருக்கிறேன்.

இதை இவ்வளவு கோவையாக அங்கே சொல்லவில்லை. “அவர் கேட்டது பெட்டியப் பத்திடா, தத்துவத்தப் பத்தி இல்ல” என்றுதான் சொன்னேன். அவன் முகம் சுருங்கியது. அந்தப் பணத்துக்கு வீட்டில் ஒரு தேவை இருக்கிறது. அது எனக்கும் தெரியும். எனக்கு இதில் ஒரு காசு நட்டமில்லை என்பதும் தெரியும், அதனால் என் நேர்மை ரொம்ப மலிவானது. இருந்தாலும் அவனே போனை எடுத்து ஓட்டை, ரப்பர், புதுத் துளைகள் எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பினான். “எங்கப்பா மாத்துனது” என்று மட்டும் எழுதினான்.

இரண்டு நாள் கழித்து ஜாலான் புசாரில் நடந்துகொண்டிருந்தோம். 2017 ஜூலையில் மூடப்பட்ட சுங்கை ரோடு சந்தை பக்கத்தில்தான் இருந்தது. எந்த வண்டியிலிருந்து வந்ததென்று யாருக்கும் தெரியாத பாகங்கள் அங்கே தரையில் கிடக்கும். அப்போதுதான் பதில் வந்தது. விலையைக் குறைத்திருந்தார். கீழே இன்னொரு வரி: கழற்றிய நாலு கியர் பெட்டி இருக்கிறதா? இருந்தால் பழைய விலையே தருகிறேன்.

நண்பன் அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் கேட்டது.

“உங்கப்பா எதத் தூக்கிப் போட்டாரு? கொட்டகைக்குப் பின்னால தகரத்துக்கு அடியில பாருடா. ஆமா, அத மாட்டிட்டா, இப்ப இருக்கறத என்ன பண்ணுவாரு?”

அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. “சனிக்கிழமை வரேம்மா” என்றான்.