மணம் யாருக்கு?

சென்ற பெருநாளுக்கு முந்திய வாரம், விளாங்குடியில் நம் இல்லம் தேடி வந்த அத்தர் வணிகர் இரு குப்பிகளை நம் முன் வைத்தார். ஒன்று மல்லிகை, மற்றொன்று அகில். இரண்டையும் வாங்கக் கைப்பொருள் இடந்தரவில்லை. அகிலையே தேர்ந்தோம்.

அதற்கு நியாயமும் கற்பித்துக்கொண்டோம். மல்லிகை நம் மதுரையின் மலர். 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. எனினும், காலையில் மொட்டாய்க் கொய்யப்பட்டு, மாலையில் மலர்ந்து, மறுநாள் வாடிவிடுவது. அகிலோ, மரம் காயமுற்றுப் பூஞ்சை பற்றிய இடத்தில், தன்னைக் காத்துக்கொள்ள அது சுரக்கும் பிசினால் பல்லாண்டுகளில் மணம் கொள்வது. துன்பத்தில் விளைந்த மணமே உயர்ந்தது என்று நமக்கு நாமே உரைத்துக்கொண்டோம். உண்மைக் காரணம் வேறு. அகில் விலை மிகுந்தது; அதைப் பூசியவரைப் பிறர் திரும்பிப் பார்ப்பர்.

அடுத்த ஜும்ஆவுக்குத் தாராளமாகப் பூசிச் சென்றோம். அருகில் நின்ற பெரியவர் தொழுகை நெடுகிலும் இருமினார். முடிந்தபின் தயங்கித் தயங்கி, "ஹஜ்ரத் தவறாக நினைக்கக் கூடாது. எனக்கு இழைப்பு உண்டு. இந்த வாசனை நெஞ்சை அடைக்கிறது" என்றார். நாம் வெட்கினோம். அந்நேரம் நம் மூக்குக்கு அந்த மணம் தெரியவே இல்லை. இடைவிடாது நுகரும் மணத்தை மூக்கு விரைவில் மறந்துவிடும். பூசியவர் நாம், சுமந்தவர் அவர்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நறுமணத்தை விரும்பினார்கள். ஜும்ஆ நாளில் மணம் பூச ஆர்வமூட்டினார்கள். பச்சைப் பூண்டும் வெங்காயமும் உண்டவர் பள்ளிவாசலை நெருங்க வேண்டாம் என்று தடுத்தவர்களும் அவர்களே. ஏவலும் விலக்கலும் வெவ்வேறாயினும் நோக்கம் ஒன்றே: அருகில் நிற்பவர் நலம். இதைப் பல்லாண்டு மாணவர்க்குப் பாடம் சொன்ன நாம், நம் சட்டைக்கு அதைப் பொருத்திப் பார்க்கவில்லை.

அறபியில் நறுமணத்தைக் குறிக்கும் 'தீப்' என்பதும், நல்லதைக் குறிக்கும் 'தய்யிப்' என்பதும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். தமிழிலோ, 'நாற்றம்' என்ற சொல் முன்பு நறுமணத்தையும் குறித்தது. இன்று தீய வாடையை மட்டுமே குறிக்கிறது. சொல்லுக்கு நேர்ந்தது பொருளுக்கும் நேரும். மல்லிகை மணத்தில் 'இண்டோல்' என்றொரு பொருள் உண்டு. சிறிதளவில் அது மலர்மணத்துக்குத் துணை செய்யும். செறிந்தால் மலத்தின் வாடையாகும். நன்மையும் அளவு கடந்தால் தீமையாகும் என்பதற்கு வேறு சான்று எதற்கு?

அவ்வாறாயின், அயலார் ஒருவர்க்கு ஒவ்வாத அனைத்தையும் துறந்துவிட வேண்டுமா என வாசகர் கேட்கலாம். வேண்டியதில்லை. நம் அறையில், நம் தனிமையில், நம் விருப்பம் நமக்கு உரியது. தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் வரிசையில் மட்டும் விருப்பத்துக்கு முன் விசாரிப்பு வேண்டும்.

அப்பெரியவரையே கேட்டோம். மல்லிகை சிறிதளவு தமக்குத் தொல்லை தராது என்றார். அகில் குப்பி இப்போது நம் நூல் அலமாரியில் இருக்கிறது. இரவில் தனித்து ஓதும்போது திறப்போம். வெள்ளிக்கிழமைகளில், புறங்கையில் மல்லிகை ஒரு துளி. எம்மணம் சிறந்தது என்ற வினாவுக்கு நம்மிடம் இன்றும் விடையில்லை. எவர் அருகில் நிற்கப் போகிறோம் என்பதை முதலில் கேட்கக் கற்றிருக்கிறோம்.