வழக்கு முடியும்வரை வைத்தியம் காத்திருக்குமா?

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக்கடை. 2001 மார்ச் 7-ஆம் தேதி அதன் முன்னால் ஊர்மக்கள் சுமார் 400 பேர் திரண்டார்கள். கடைக்குள் மூட்டை மூட்டையாக உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி கிடந்தது. பாதரசம் ஒட்டிய அந்தக் குப்பை 7.4 டன் என்று கிரீன்பீஸ் அமைப்பும் பழனி மலைப் பாதுகாப்பு மன்றமும் ஊருக்கு அறிவித்தன. அதே மாதம், அந்தக் குப்பை வந்த இடமான, செயின்ட் மேரீஸ் சாலையில் இருந்த இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் தெர்மாமீட்டர் ஆலை மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்களுக்கும் நிறுவனத்துக்கும் ஏற்பட்ட ஒப்பந்தம் சென்னை உயர் நீதிமன்றத்தில் பதிவானது 2016 மார்ச்சில்.

இடையில் 15 ஆண்டுகள். ஆலை தொடங்கிய காலத்தில் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர், ஆலை மூடும்போது நாற்பதை நெருங்கியிருப்பார். ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது ஐம்பதைத் தாண்டியிருப்பார். கை நடுக்கமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் அதற்கு வைத்தியம் பார்த்து, உடம்புக்கு ஏற்ற வேறு வேலை பழகி, பிள்ளைகளைக் கரைசேர்க்க வேண்டிய வயது முழுவதும் அந்த இடைவெளிக்குள் போய்விட்டது.

வேலையில் அடிபட்டவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. வைத்தியம், அதுவரை சம்பளம், உடம்பு தேறியதும் பழைய வேலை, முடியாவிட்டால் முடிகிற வேலை. எப்போது செய்வது என்பதில்தான் சிக்கல். யார் மேல் தப்பு என்று உறுதியான பிறகா, அதற்கு முன்பேயா?

கொடைக்கானலுக்கு இந்த ஆலை வந்த கதை தெரிந்ததுதான். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இருந்த ஆலையின் இயந்திரங்களை 1980-களின் தொடக்கத்தில் பாண்ட்ஸ் நிறுவனம் இங்கே கொண்டுவந்து நிறுவியது. பிறகு உலக அளவில் அந்த நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியபோது ஆலையும் கைமாறியது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது, தெர்மாமீட்டர் வெளிநாட்டுக்குப் போனது. ஆலைக்குப் பின்னால் பாம்பார் சோலை. அங்கிருந்து இறங்கும் தண்ணீர் பெரியகுளம் பக்கம் கும்பக்கரையில் அருவியாக விழுகிறது. கொட்டிய பாதரசத்தோடு சரியான பாதுகாப்பு இல்லாமல் வேலை செய்தோம், வேலை உடுப்போடு வீட்டுக்குப் போனோம் என்பது முன்னாள் தொழிலாளர்கள் வைத்த புகார். பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடித்தோம் என்பது நிறுவனத்தின் பதில்.

இந்த இரண்டில் எது உண்மை என்று பிற்பாடு சோதித்துப் பார்க்க முடியுமா? பாதரசத்தின் குணம் இங்கேதான் வழக்குக்குள் நுழைகிறது. சாதாரண அறை வெப்பத்திலேயே அது ஆவியாகும். ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சோடு உள்ளே போய் நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். விரல் நடுங்கும், ஈறு வீங்கும், தூக்கம் கெடும், காரணமில்லாமல் கோபமும் கூச்சமும் வரும். மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்துச் சுருள் ஒன்று வரையச் சொல்வார். கோடு எங்கே பல்பல்லாக உடைகிறது என்று பார்ப்பார். ஆனால் உடம்புக்குள் போன பாதரசத்தில் ஏறத்தாழ பாதி, இரண்டு மாதத்தில் வெளியேறிவிடும். வேலையை விட்டு ஐந்து ஆண்டு கழித்துச் சிறுநீரைச் சோதித்தால், அந்த மனிதர் தெர்மாமீட்டர் ஆலையில் இருந்தாரா தபால் அலுவலகத்தில் இருந்தாரா என்று கண்டுபிடிப்பது கடினம். விஷம் போய்விடும், அது செய்த சேதம் தங்கிவிடலாம்.

முன்னாள் தொழிலாளர் சங்கம் உயர் நீதிமன்றத்தை நாடியது 2006-ல். நீதிமன்ற ஏற்பாட்டில் அமைந்த நிபுணர் குழுவில் லக்னோ நச்சியல் ஆய்வு மையம், எய்ம்ஸ், அகமதாபாத் தொழில்சார் சுகாதார நிறுவனம் ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். தொழிலாளர்களின் இப்போதைய உடல்நிலையை அன்றைய பாதரசத்தோடு முடிச்சுப் போடப் போதிய சான்று இல்லை என்று 2007-ல் அந்தக் குழு சொன்னது. 2011-ல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் தரப்பில் தாக்கலான அறிக்கை, பாதிப்பு உண்டு, தொழிலாளர்களின் பிள்ளைகள்வரை உண்டு என்றது. இரண்டும் அரசு சார்ந்த நிபுணர்கள் எழுதியவைதான்.

நிறுவனத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கை நடுக்கம் சர்க்கரை நோயிலும் வரும், தைராய்டிலும் வரும், குடியிலும் வரும். சிறுநீரகம் கெட ஆயிரம் காரணம் உண்டு. பரிதாபத்தை வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்குவது அறமாகாது. அது இன்று பெரிய நிறுவனத்துக்கு நடந்தால் நாளை சின்னப் பட்டறைக்காரருக்கும் நடக்கும். குற்றம் சாட்டுபவர் நிரூபிக்கட்டும் என்பது நாகரிகமான விதி.

அந்த விதி தண்டனைக்கு உரியது. வைத்தியத்துக்கு அதைப் பொருத்தும்போதுதான் அநியாயம் தொடங்குகிறது. அதுவும் சான்று யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் அநியாயம் இரட்டிப்பாகிறது. வேலை நாட்களில் எடுத்த சிறுநீர்ச் சோதனை, அறைக் காற்றில் இருந்த பாதரச அளவு, யார் எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு இருந்தார் என்ற பதிவேடு எல்லாம் ஆலை அலுவலகத்தின் அலமாரியில் இருப்பவை. போபால் விபத்துக்குப் பிறகு 1987-ல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டம், ஆபத்தான செய்முறை உள்ள ஆலைகள் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டைச் சரியாக வைத்திருக்க வேண்டும், அதைத் தொழிலாளி பார்க்க வழி இருக்க வேண்டும் என்றது. அலமாரிச் சாவியை வைத்திருப்பவர் மீதே நிரூபிக்கும் பொறுப்பும் இருக்க வேண்டும் என்பதே முறை.

நம் சட்டம் இதைப் பாதி ஒப்புக்கொண்டது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், இயந்திரத்தில் கை சிக்கினால் முதலாளி கவனக்குறைவாக இருந்தாரா என்று கேட்டதில்லை. வேலையில் நடந்தது, வேலையால் நடந்தது என்றால் இழப்பீடு உண்டு என்றது. ஜெர்மனியில் 1884-ல் பிஸ்மார்க் கொண்டுவந்த விபத்துக் காப்பீட்டின் வழி வந்த எண்ணம் இது. பாதரச நோயும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருந்தது. ஆனால் வேலையை விட்டு 2 ஆண்டுக்குள் அறிகுறி தெரிய வேண்டும், அதன்பின் 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும் என்றது அது. நசுங்கிய விரலுக்கு இந்தக் கணக்கு ஒத்துவரும். தன் நோய்க்குப் பெயர் என்ன என்றே தெரியாமல் பெரியகுளத்துக்கும் மதுரைக்கும் பேருந்தில் அலையும் மலைவாசிக்கு எப்படி ஒத்துவரும்?

இழப்பீடு ஒரு பக்கம் இருக்கட்டும். மறுவாழ்வு என்றால் என்ன என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். அறுவை சிகிச்சை மருத்துவருக்கு அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக்கொண்டிருந்த பால் பிராண்ட் வேறு மாதிரி யோசித்தார். கையில் செய்யும் அறுவை சிகிச்சையை மருத்துவர் உட்கார்ந்துகொண்டே செய்யலாமே! மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடி அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, சி.எம்.சி.யில் அந்தத் துறையை வளர்த்தெடுத்தார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது.

அவருடைய மனவுறுதியைப் பாராட்டாதவர் இல்லை. அதிகம் பேசப்படாதது, அவர் வேலை பார்த்த இடம் செய்தது. விபத்துக்கு யார் பொறுப்பு என்ற விசாரணை அவருடைய சிகிச்சையைத் தடுக்கவில்லை. அவருக்கு எது முடியும் என்று பக்கத்தில் இருந்தவர்கள் தேடினார்கள், அந்த வேலைக்கு ஏற்ப உயரமும் இடமும் மாற்றப்பட்டன, அவர் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார். தெர்மாமீட்டர் ஆலைத் தொழிலாளிக்கு வேண்டியதும் இவ்வளவுதான். அவருக்குத் திரும்பிப் போக வேலையிடமே இல்லாமல் போனது என்பது கூடுதல் இடி. ஆலை மூடப்பட்டது சரியான முடிவு. மூடியதோடு சேர்த்து அங்கே வேலை பார்த்தவர்களுக்கு மருத்துவக் கண்காணிப்பும் மாற்றுத் தொழில் பயிற்சியும் அன்றே தொடங்காதது பெருந்தவறு. ஆலையில் தேங்கிய 290 டன் பாதரசக் கழிவு 2003-ல் கப்பலேறி அமெரிக்கா போய்விட்டது. குப்பைக்கு 2 ஆண்டில் தீர்வு கிடைத்தது.

2015-ல் இந்த ஆலையைப் பற்றிய பாடகி சோபியா அஷ்ரப்பின் ராப் பாட்டு இணையத்தில் பரவி, யூனிலீவரின் தலைமை அதிகாரியே பதில் சொல்ல நேர்ந்தது. அடுத்த ஆண்டு 591 பேருக்கான ஒப்பந்தம் வந்தது. வாழ்வாதாரத்துக்கும் திறன் வளர்ச்சிக்கும் என்று சொல்லி, பொறுப்பை ஏற்காமல், கருணை அடிப்படையில் தொகை தரப்பட்டது. அந்த நோக்கம் சரியானதுதான். ஆனால் ஐம்பது வயதைத் தாண்டியவருக்குத் திறன் வளர்ச்சி என்பதில் ஒரு கசப்பு இருக்கிறது. அதையே 2001-ல், அதே வாசகத்தோடு, பொறுப்பை ஏற்காமலே கொடுத்திருக்கலாம். வழக்கில் நிறுவனத்தின் நிலைக்கு அதனால் ஒரு குறைவும் வந்திருக்காது.

தப்பு யாருடையது என்று கேட்காமல் உதவினால் ஏமாற்றுபவர்கள் பெருகுவார்கள் என்பது வழக்கமான ஆட்சேபம். சிலர் வருவார்கள், மறுக்க வேண்டாம். ஆனால் ரொக்கத்துக்காக நடிப்பவர்கள் உண்டே தவிர, வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்கு வந்து வலியில் பல்லைக் கடிப்பதற்காக நடிப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் தொழிலாளர் தரப்பிலிருந்து வருகிறது. இலகு வேலை என்ற பெயரில் ஆறாத உடம்பை அவசரமாக வேலைக்கு இழுத்து, இழப்பீட்டைக் குறைக்கும் தந்திரமாக இது மாறலாம். நியாயமான அச்சம். விஷம் இருக்கும் அறைக்கே திரும்ப அனுப்புவது மறுவாழ்வாகவும் ஆகாது. அங்கே வேண்டியது இட மாற்றம், சம்பளம் குறையாத இட மாற்றம். நடுக்கத்தைச் சொன்னால் சம்பளம் போகும் என்றால் எந்தத் தொழிலாளி சொல்வார்? கையைச் சட்டைப் பையில் மறைத்துக்கொள்வார். ஆகவே எப்போது திரும்புவது என்று முடிவு செய்யும் மருத்துவர் கம்பெனிச் சம்பளத்தில் இருப்பவராக இருக்கக் கூடாது.

அரசு ஊழியருக்கு இந்தப் பாதுகாப்பு ஏற்கெனவே உண்டு. பணியில் இருக்கும்போது ஊனமுற்றால் வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவியைக் குறைக்கக் கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். தனியார் நிறுவனத்தை அந்தப் பிரிவு தொடவில்லை. ஒரே கொண்டை ஊசி வளைவில் கவிழும் அரசுப் பேருந்தின் ஓட்டுநருக்கு ஒரு நீதி, காய்கறி லாரி ஓட்டுநருக்கு ஒரு நீதி. இ.எஸ்.ஐ. திட்டத்தில் இருப்பவருக்கு வேலை விபத்து விடுப்பில் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். பழனி மலையில் பூண்டும் கேரட்டும் பறிப்பவர், மரம் வெட்டுபவர், விடுதிக்குக் கல் சுமப்பவர் எத்தனை பேர் அதற்குள் இருக்கிறார்கள்?

தமிழர் பலர் உழைக்கும் மலேசியாவில், பெர்க்கேசோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் 2007 முதல் வேலைக்குத் திரும்பும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. அடிபட்டவரோடு ஓர் அலுவலர் இணைக்கப்படுகிறார். மருத்துவரிடமும் முதலாளியிடமும் பேசி, எந்த வேலையை எப்படி மாற்றினால் இவரால் செய்ய முடியும் என்று பார்ப்பது அவருடைய பணி. மலாக்காவில் இதற்கென மறுவாழ்வு மையமே உண்டு.

நமக்கு இது எட்டாத உயரம் அல்ல. 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கிறது. வண்டியை யார் தப்பாக ஓட்டியது, காயப்பட்டவர் எந்த மாநிலத்தவர் என்று யாரும் கேட்பதில்லை. அதே ஆண்டு வந்த மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்ட் வீடு தேடி வருகிறார். கேட்காமல் உதவும் நெறி நம்மிடம் இருக்கிறது, வீட்டுக்கு வரும் ஆளும் இருக்கிறார். வேலையில் அடிபட்டவருக்காக இரண்டையும் இணைத்து, 49-ஆவது மணி நேரத்திலிருந்து வேலைக்குத் திரும்பும் நாள்வரை நீட்டுவதுதான் பாக்கி. முதலில் பொது நிதியிலிருந்து செலவு செய்து, பொறுப்பு உறுதியானதும் உரியவரிடம் வசூலிக்கலாம். பூண்டுத் தாள் அறுப்பதும் காப்பிக்கொட்டை தரம் பிரிப்பதும் உட்கார்ந்து செய்யும் வேலைகள். காலில் அடிபட்டவரை அதில் அமர்த்த ஒரு தோட்டக்காரருக்கு ஆகும் செலவு ஒரு பெஞ்சு.

அரசு அதைச் செய்யும்வரை, பட்டாசோ தோல் பதனிடுதலோ சாயமோ பேட்டரியோ, நச்சுப் பொருள் புழங்கும் எந்த இடத்தில் வேலை பார்ப்பவரும் ஒன்றை இன்றே செய்யலாம். ஆலையில் எடுக்கும் ஒவ்வொரு ரத்த, சிறுநீர்ச் சோதனையின் நகலையும் எழுத்து மூலம் கேட்டு வாங்கி, தேதி வாரியாக வீட்டில் வையுங்கள். தர மறுத்தால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு மனு எழுதி, அந்த மனுவின் நகலையும் அதே கோப்பில் சேருங்கள்.