சட்டம் அறியாத கட்டணம்

2022 மார்ச் மாத இறுதியில் பேராதனை போதனா வைத்தியசாலை ஓர் அறிவித்தல் விடுத்தது. மருந்துத் தட்டுப்பாட்டால், முன்கூட்டியே நாள் குறித்த சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்படுகின்றன. அவசர நோயாளருக்கு மட்டுமே இனிச் சத்திரசிகிச்சை நடைபெறும். அந்த நாட்களில் கொழும்பில் இருந்த இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் செய்தியைக் கண்டு, என்ன உதவி செய்யலாம் என்று பார்க்கும்படி தம் நாட்டுத் தூதரைப் பணித்தார். இரண்டு வாரத்துக்குள் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதையே நிறுத்தியது.

நாட்டின் சுகாதாரத்துறை எவ்வளவு கீழே போனது என்பதற்குச் சான்றாகவே அந்த அறிவித்தல் இன்றுவரை எடுத்துக்காட்டப்படுகிறது. அறநோக்கில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. ஓர் அரச நிறுவனம் தன்னிடம் இல்லாததை இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னது. சொன்னதால் நோயாளிக்குத் தன் நிலை தெரிந்தது, நாட்டுக்குச் செய்தி தெரிந்தது, உதவக்கூடியவருக்கு உதவ வழி தெரிந்தது.

வழக்கமாக இல்லாமை அப்படி வருவதில்லை. கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் அது ஒரு துண்டுக் கடதாசியாக வந்து நோயாளியின் கைக்குள் இருக்கிறது. கிளினிக் கொப்பியோடு விடியற்காலையில் வரிசைக்கு வந்தவர், இலக்கம் எடுத்து, மணிக்கணக்கில் காத்திருந்து, வைத்தியரைக் கண்டு முடிக்கும்போது, “இந்த மருந்து இங்கே இல்லை, வெளியே எடுங்கோ” என்று ஒரு துண்டு கிடைக்கிறது. இரத்தப் பரிசோதனைக்கு ஒரு துண்டு. ஸ்கேன் எடுக்க இன்னொன்று. வைத்தியசாலை ஒரு சதமும் அறவிடவில்லை. கணக்கேட்டில் அது இலவச சிகிச்சைதான். ஆனால் எதிரே உள்ள பாமசியில் நோயாளியின் பணம் போகிறது. நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஏறத்தாழப் பாதி குடும்பங்களின் கையிலிருந்து நேரடியாகவே செல்கிறது. அரசின் செலவு இப்படி நோயாளியின் செலவாக மாறியதை எந்த அமைச்சரவையும் சீர்திருத்தம் என்று அறிவிக்கவில்லை. எந்தப் பாராளுமன்றமும் இதற்கு வாக்களிக்கவில்லை.

வளம் குறைந்த அரசு தன் சுமையில் ஒரு பகுதியைக் குடிமக்கள் மீது இறக்குவது தவறா என்பது பழைய கேள்வி. எல்லாருக்கும் எல்லாச் சிகிச்சையும் தர எந்த அரசாலும் முடியாது. எங்காவது கோடு கிழிக்கத்தான் வேண்டும். ஆகவே, யார் கிழித்தார், யாருக்குச் சொல்லிக் கிழித்தார், அதன் பாரத்தை முதலில் சுமப்பவர் யார் என்பவையே இங்கு எடைபோட வேண்டியவை.

1971இல் ஐக்கிய முன்னணி அரசாங்கம் வெளிநோயாளர் பிரிவுக்கு வருபவரிடம் 25 சதம் கட்டணம் வாங்கத் தொடங்கியது. சிறு தொகைதான். ஆனாலும் வருவோர் தொகை சட்டென்று குறைந்தது. வராமல் போனவர்கள் எல்லாரும் தேவையில்லாமல் வந்துகொண்டிருந்தவர்கள் அல்லர்; 25 சதமும் பெரிதாக இருந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். அந்தக் கட்டணம் தவறானது என்று வாதிடலாம். ஆயினும் அதற்கு ஒரு முகம் இருந்தது. போட்டது யார், எப்போது, எவ்வளவு என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் அதை எதிர்க்க முடிந்தது. ஆட்சி மாறிய 1977ஆம் ஆண்டில் அது நீக்கவும் பட்டது. துண்டுக் கடதாசியில் வரும் கட்டணத்தை எந்தத் தேர்தலில் நீக்குவது? சட்டத்தில் இல்லாததை நீக்கச் சட்டமும் இல்லை. 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் சுகாதாரம் வெளிப்படையாக இடம்பெறாததால், உரிமை என்ற பெயரில் நீதிமன்றம் போவதும் எளிதல்ல.

துண்டு எழுதும் வைத்தியரைக் குறைசொல்வது நியாயமாகாது. அவர் எழுதாவிட்டால் நோயாளி மருந்தின்றியே வீடு திரும்புவார். மருந்து கொள்வனவு அவர் கையில் இல்லை. நாட்டின் மருந்துகளில் ஏறத்தாழ 85 சதவீதம் இறக்குமதி, அதற்கான டொலரும் அவரிடம் இல்லை. அவரைப் பொறுத்தவரை துண்டு இரக்கத்தின் செயல். ஆனால் ஆயிரம் பேரின் இரக்கம் சேர்ந்து ஓர் அரசின் பொறுப்பை மறைத்துவிட முடியும். குறைபாடு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நோயாளியின் தனிப்பட்ட செலவாக மாறிக் கரைந்துபோகும்போது, மேலிடத்தில் அது குறைபாடாகப் பதிவாவதே இல்லை. இதோடு இன்னொன்றும் சேர்கிறது. அரச வைத்தியர்கள் கடமை நேரத்துக்குப் பின் தனியாக நோயாளர் பார்க்க 1977க்குப் பின் மீண்டும் அனுமதி கிடைத்தது. காலையில் நீண்ட வரிசையின் முடிவில் இருக்கும் அதே வைத்தியரை மாலையில் சனலில் பணம் கட்டி விரைவாகக் காணலாம். அதில் தனிமனிதக் குற்றம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வரிசை குறையவேண்டும் என்ற அவசரம் யாருக்கு இருக்கும் என்ற கேள்வியை அந்த ஏற்பாடு விட்டுச்செல்கிறது.

அடுத்தது, பாரத்தை முதலில் சுமப்பவர். கண்டி நகரத்தில் மாதச் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்குத் துண்டு ஒரு தொல்லை. ஹேவாஹெட்ட, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கத்துத் தோட்ட லயங்களிலிருந்து வருபவருக்கு அது ஒரு தீர்ப்பு. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வணிகத்துக்கெனத் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டமும் இந்தக் கண்டி மாவட்டத்தில்தான் உள்ளது. நாட்டுக்கு டொலர் தேடித்தந்த அந்த மலைகளின் மக்கள், பொதுச் சுகாதாரச் சேவைக்குள் கடைசியாக வந்தவர்கள். குடியேற்ற ஆட்சிக் காலம் முழுதும் அவர்களது வைத்தியம் தனிச் சட்டங்களின் கீழ், தோட்ட ஆஸ்பத்திரியோடும் தோட்டத்து மருந்துக் கலவையோடும் நின்றது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பாலானோரை நாடற்றோராக்கியது. அந்தப் பிரச்சினையை முடிக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கும் வேலையும் 1990கள் முதல் பகுதி பகுதியாகவே நடந்திருக்கிறது.

இத்தகைய ஒருவர் கண்டிக்கு வருவதென்றால் அன்றைய பேர், அதாவது அந்த நாளின் வேலைப்பதிவு, இல்லை. அன்றைய அடிப்படை நாட்சம்பளம் போகிறது; 2024இல் அது 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. பஸ் செலவு சேர்கிறது. துணைக்கு வருபவரின் நாளும் சேர்ந்து போகிறது. இத்தனைக்குப் பின் சிங்களத்தில் விளக்கப்பட்ட நோயும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட துண்டும் கையில் இருக்கின்றன. மருந்து முழுவதையும் வாங்க முடியாதபோது பாதி வாங்குகிறார். பிரஷர் குளிசையை நாள்விட்டு நாள் போடுகிறார். அரசு கிழிக்காமல் விட்ட கோட்டை அவர் தன் உடம்பிலேயே கிழித்துக்கொள்கிறார். வறியவரே முதலில் சுமக்கும்படி யாரும் திட்டமிடவில்லை என்பது உண்மை. திட்டமிடாமல் விட்டால் பாரம் எப்போதும் அங்கேதான் போய்ச் சேரும் என்பதும் யாவருக்கும் தெரிந்த உண்மை. தெரிந்தும் விடுவது, செய்ததற்குச் சமம்.

மறைக்கப்பட்ட குறைபாட்டுக்கு இன்னொரு விளைவும் உண்டு. தட்டுப்பாட்டை ஒப்புக்கொள்ளக் கூசும் நிர்வாகம், எப்படியாவது இறாக்கையை நிரப்பப் பார்க்கும். மருந்து விடயத்தில் இலங்கைக்கு நல்ல மரபு இருந்தது. பேராதனையில் மருந்தியல் பேராசிரியராக இருந்த சேனக பிபிலே 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரானார். தேவையான மருந்தை, சரிபார்த்து, மலிவாக, மொத்தமாக வாங்கும் முறையை உருவாக்கினார். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை அமைத்தது. நெருக்கடிக் காலத்தில் அந்த அதிகாரசபையின் மருந்துப் பதிவுமுறைக்கு விலக்களித்து அவசரக் கொள்வனவுகள் நடந்தன. 2023இல் நுவரெலியா உள்ளிட்ட இடங்களில் கண் சத்திரசிகிச்சைக்குப் பின் இட்ட துளிமருந்து பலரின் பார்வையைப் பாதித்தது. தரமற்ற இம்யூனோகுளோபுலின் கொள்வனவு தொடர்பில், அப்போதைய கண்டி மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினரும் முன்னாள் சுகாதார அமைச்சருமான கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். குற்றம் யாருடையது என்பது நீதிமன்றத்தின் வேலை. அறத்தின் கேள்வி அதற்கு முந்தியது: காவல் தளர்த்தப்பட்ட மருந்து இது என்று நரம்பில் ஏற்றிக்கொண்டவருக்கு யாராவது சொன்னார்களா? அவசரத்தில் ஆபத்தை ஏற்கத்தான் வேண்டும் என்றால், அதை ஏற்கும் உரிமை உடம்புக்கு உரியவருடையது.

அப்படியானால் வெளிப்படையாகவே கட்டணம் அறவிடலாமே என்பார் உண்டு. வசதி உள்ளவர் அரச வைத்தியசாலையிலேயே கட்டண விடுதியில் தங்கட்டும், அந்த வருமானம் ஏழைக்குப் பயன்படட்டும் என்ற யோசனை அவ்வப்போது எழுகிறது. 1984இல் திறக்கப்பட்ட ஸ்ரீ ஜயவர்தனபுர வைத்தியசாலை கட்டணத்தோடுதான் இயங்குகிறது. இந்த யோசனையை எடுத்த எடுப்பில் ஒதுக்குவது சரியல்ல. மறைவான கட்டணத்தைவிட வெளிப்படையான கட்டணம் நேர்மையானது. ஆனால் நேர்மை மட்டும் நீதியாகிவிடாது. பணம் தனியறையை வாங்கலாம். சத்திரசிகிச்சை வரிசையில் முன்னிடத்தை வாங்கக் கூடாது. கட்டண விடுதிக்கென வைத்தியரும் தாதியரும் பொது விடுதியிலிருந்து இழுக்கப்படக் கூடாது. வந்த பணம் எங்கே போனது என்பது ஆண்டுதோறும் மக்களுக்குத் தெரியவேண்டும். இம்மூன்றையும் உறுதிசெய்ய முடியாத நிர்வாகத்திடம் கட்டண விடுதியைக் கொடுத்தால், இன்று பாமசி வாசலில் நிற்கும் பாகுபாடு நாளை விடுதிக்குள்ளேயே குடியேறும்.

தட்டுப்பாட்டை வெளியே சொன்னால் பீதி பரவும், அரசியலாக்குவார்கள் என்ற எதிர்வாதமும் உண்டு. 2022 செப்டம்பரில் அரச ஊழியர் சமூக ஊடகங்களில் கருத்து வெளியிடுவதைக் கட்டுப்படுத்தும் சுற்றறிக்கை வந்ததும் இத்தகைய அச்சத்தால்தான் என்று தோன்றுகிறது. பீதி உண்மையான தீங்கு. அதை இலேசாக எண்ணலாகாது. ஆனால் அதே ஆண்டு பேராதனை அறிவித்தலால் விளைந்தது பீதியைவிட உதவியே. மருந்து இல்லை என்பது வரிசையில் நிற்பவருக்கு ஏற்கெனவே தெரியும். வாயடைப்பால் அறியாதிருப்பவர், தீர்மானம் எடுக்க வேண்டியவரும் அவரைத் தட்டிக்கேட்க வேண்டியவரும்தான்.

ஆகவே கேட்கவேண்டியது பெரிய காரியமல்ல. கண்டி தேசிய வைத்தியசாலை முதல் தெல்தோட்டைப் பக்கத்துச் சிறிய வைத்தியசாலை வரை, இன்று எந்த மருந்து இல்லை, எந்தப் பரிசோதனை நடக்காது, எப்போது வரும் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் வாசலில் எழுதி வைக்கலாம். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கும் நாட்டில், இதைக் கேட்டுப் பெறவேண்டிய நிலையே இருக்கக் கூடாது. வெளியே எழுதிக்கொடுக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் வைத்தியசாலையில் ஒரு பிரதி பதிவாகட்டும். ஆண்டு முடிவில் அதன் கூட்டுத்தொகை சுகாதார அமைச்சின் செலவறிக்கைக்குப் பக்கத்தில் அச்சாகட்டும். அது வந்தால் மருந்து வந்துவிடாது. ஆனால் மக்களிடம் அறவிடப்படும் தொகை எவ்வளவு என்பதை அறிந்துகொண்டே அரசு அடுத்த வரவுசெலவுத் திட்டத்தை எழுத நேரும். குடிமகன் பணம் கட்டவேண்டி வரலாம். கட்டுகிறான் என்பதை அரசு ஏற்றுக்கொண்டு, ஏன் என்று பதில் சொல்லியாக வேண்டும். பதில் சொல்லத் தயாரில்லாத அரசுக்கு அந்தப் பணத்தை அவனிடம் சுமத்த அறவுரிமை இல்லை.