முன்வரிசை யாருக்கு?

கல்லூரிப் பட்டமளிப்பு விழா மேடையில் இரண்டு, மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கான வேலை பல நாள் நடக்கும். அருப்புக்கோட்டையின் தேவாங்கர் கலைக் கல்லூரி, சைவபானு சத்திரிய கல்லூரி ஆகியவை 1966இல் தொடங்கிய மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள். இத்தகைய இடங்களில் பாடம் நடத்துவது கல்லூரி. பட்டம் தருவது பல்கலைக்கழகம். சான்றிதழ் அச்சாகி வந்து சேர மாதங்கள் ஆகும். அதற்குள் படித்து முடித்தவர்கள் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போயிருப்பார்கள். விழாவன்று ஊர் திரும்பும் அவர்களுக்காக ஓடியாடுபவர்கள், இன்னும் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள்.

இக்கல்லூரிகளில் படிக்கும் திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்து மாணவருக்குக் கோடை விடுமுறையில் ஊரில் வேலை குறைவு. இங்கே பருத்தியும் சோளமும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைப்பவை. சித்திரையில் கரிசல் வெடித்துக் கிடக்கும். குண்டாற்றில் மணல்தான் இருக்கும். சீமைக் கருவேல மரம் வெட்டப் போகலாம், கல்யாணப் பந்தியில் பரிமாறப் போகலாம். கல்லூரியில் விழா வந்தால் அங்கே போகலாம்.

வாடகைக்கு வந்த அங்கிகளை எண்ணி வாங்குவதுதான் முதல் வேலை. உயரம் பார்த்துப் பிரிக்க வேண்டும். துறைக்கு ஒரு நிறத்தில் தோளில் போடும் துணிப் பட்டை சேர்க்க வேண்டும். பிறகு நாற்காலி. ஒவ்வொன்றிலும் பதிவெண் சீட்டு ஒட்டப்படும். அதே வரிசையில் மேடையில் சான்றிதழ்கள் அடுக்கப்படும். ஓர் ஆள் இடம் மாறி உட்கார்ந்தால், வரிசை குலைந்து பலர் கையில் அடுத்தவர் பட்டம் போய்ச் சேரும். ஒத்திகை அதற்காகத்தான். விழா முடிந்ததும் வியர்வையில் நனைந்த அங்கிகளைத் திரும்ப வாங்கி, எண்ணிக்கை சரிபார்த்து மூட்டை கட்ட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது வாசலில் நிற்கும் வேலை. நரிக்குடி, காரியாபட்டி பக்கமிருந்து பெற்றோர் முதல் பேருந்திலேயே வந்துவிடுவார்கள். அன்றைக்குக் கூலி போனது போனதுதான். "தம்பி, எம்புள்ள பேரு எப்ப வரும்?" என்று கேட்கும் அம்மாவிடம், "கயித்துக்குப் பின்னாடி போய் நில்லுங்கம்மா, முன்னாடி விருந்தினருக்கு" என்று சொல்ல வேண்டியவர் அந்த மாணவர்தான். முன்வரிசைச் சோபாக்களில் பாதி, விழா முடியும்வரை காலியாகவே கிடப்பதையும் அவர்தான் பார்க்கிறார். அவருடைய அம்மாவும் அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ அதே கயிற்றுக்குப் பின்னால் நிற்கப்போகிறவர்.

இந்த இருக்கை முறை பழைய காலத்துக்கு உரியது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியது. அவ்வாண்டு நடந்த முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இருவரே: பின்னாளில் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சில் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளையும், அவருடைய ஆசிரியர் கரோல் விசுவநாதபிள்ளையும். பட்டதாரிகளை விரல்விட்டு எண்ணிய அந்தக் காலத்தில் பட்டமளிப்பு அதிகாரிகளின் சபையாக இருந்தது. இன்று பட்டம் வாங்குவோரில் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்கள். கடன் வாங்கிக் கட்டணம் கட்டியவர்களும், பேருந்துக் காசுக்காக விடியலில் களை எடுக்கப் போனவர்களும் இவர்களைப் பெற்றவர்களே. விழாவின் முதன்மை விருந்தினர் அவர்களேதான்.

கல்லூரிகள் இதை மாற்றுவதற்குப் பணம் தேவையில்லை, மனம் போதும். பதிவெண் ஒட்டிய நாற்காலிகளுக்கு அடுத்து, பெற்றோருக்கென்று நாற்காலிகளை ஒதுக்கலாம். சிறப்பு விருந்தினர் மேடையில் இருக்கிறார். அவருடன் வந்தவர்கள் பின்வரிசையில் உட்காரலாம். பிள்ளையின் பெயர் வாசிக்கப்படும்போது பெற்றவர்கள் எழுந்து நிற்கும்படி அழைக்கலாம். வேலை செய்த மாணவர்களுக்கு அன்றைய கூலியையும் சாப்பாட்டையும் அன்றே கொடுத்துவிடலாம். பெற்றோரைக் கயிற்றுக்கு அப்பால் நிறுத்திவிட்டுக் கல்வியின் பெருமையைப் பேசுவது முறையல்ல.