ஆறிய ரசம்

மலாக்கா பட்டணத்துச் சாப்பாட்டுக் கடையொன்றில் சென்ற ஞாயிறன்று நாம் உண்ணச் சென்றிருந்தோம். பக்கத்து மேசையில் ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிழைத்து, இன்று நல்ல நிலைக்கு வந்துள்ள ஒரு குடும்பத்தார். ரசம் ஆறியிருந்தது, அப்பளமும் வரவில்லை. பெரியவர் பரிமாறிய வாலிபனை நோக்கி, "டேய், உன்னை எதற்கடா ஊரிலிருந்து கொண்டுவந்தான்?" என்றார். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த அவ்வாலிபன் தலைகுனிந்து போனான்.

ரசம் ஆறியிருந்தது மெய். நாமும் அதைத்தான் குடித்தோம். காசு கொடுப்பவர் குறை சொல்லக்கூடாதென்பது நம் வாதமன்று. ஆனால் அடுப்புக்கு அவனா அதிகாரி? போதிய ஆள் வைக்காத முதலாளியை விட்டுவிட்டு, எட்டு மேசைக்கு ஒருவனாய் ஓடுகிறவனைப் பிடிப்பது என்ன நியாயம்? கங்காணிகள் ஆள்கட்டி வந்த வழியை இந்திய சர்க்கார் 1938-இல் அடைத்தது. அதற்கு முன் அப்பெரியவரின் பாட்டனாரையும் எவனோ ஒருவன் 'கொண்டுவந்து'தான் இருப்பான்.

தென்னாட்டு இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்க்கு ஓரிடம், இதரர்க்கு வேறிடம் என்றிருந்த பேதம் 1941-இல்தான் ஒழிந்தது. அங்கே இட்டிலி ருசியா என்று கேட்டா கிளர்ச்சி நடந்தது? உண்ண உட்காருகிறவனுக்கு மானம் கேட்டோம். பரிமாற நிற்பவனுக்கு அது வேண்டாமா?

கல்லாவிலிருந்த முதலாளியிடம் மரியாதையாகவே ரசத்தைப் பற்றிச் சொன்னோம். அவர் உடனே உட்பக்கம் திரும்பி, "டேய்!" என்று கூப்பிட்டார்.