அழைக்கப்பட்டவர்களின் கூட்டம்
திருச்சபை என்னும் சொல்லின் வேதாகமப் பொருள்

புனே மாநகரின் வானவடிப் பகுதி வரலாற்று நினைவுகள் நிறைந்தது. மராட்டியத் தளபதி மகாத்ஜி சிந்தே 1794-ஆம் ஆண்டு உயிர்நீத்தது இங்கேதான். அவருடைய நினைவிடமான சிந்தே சத்ரியும் இப்பகுதியிலேயே உள்ளது. எம்பிரஸ் தோட்டத்துக்கு அருகில் புனித பேட்ரிக் பேராலயம் நிற்கிறது. ஆங்கிலேயப் படையில் பணியாற்றிய அயர்லாந்து நாட்டுக் கத்தோலிக்க வீரர்களுக்காக 1850-ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட ஆலயம் அது. 1886-ஆம் ஆண்டு புனே மறைமாவட்டம் அமைந்தபின் ஆயரின் பேராலயமாக உயர்ந்தது.

எந்த மக்களுக்காக அது கட்டப்பட்டதோ, அந்த மக்கள் இன்று அங்கே இல்லை. 1948-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கடைசி ஆங்கிலேயப் படைப்பிரிவு மும்பைத் துறைமுகத்தில் கப்பலேறியதோடு அந்தக் காலம் முடிந்தது. 1984-ஆம் ஆண்டு பேராலயத்தின் கூரையும் இடிந்து விழுந்தது. பின்னர் அது மீண்டும் கட்டப்பட்டது. கட்டியவர்கள் போய்விட்டார்கள், கூரையும் ஒருமுறை வீழ்ந்தது. ஆயினும் வழிபாடு தொடர்கிறது. மராட்டி, கொங்கணி, தமிழ், மலையாளம் என்று பல மொழி பேசும் மக்களைக் கொண்டு புனேயின் திருச்சபை வாழ்கிறது. அப்படியானால் திருச்சபை என்பது எது? சுவரா, கூரையா, அதன் கீழ் கூடும் மக்களா? வேதாகமம் இக்கேள்விக்குத் தெளிவான விடை தருகிறது.

சொல்லின் வேர்

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் வழங்குகின்றன. கோவில் என்பது கோ வாழும் இல், அரசனின் வீடு. சபை என்பது கூடியிருக்கும் மக்கள். கிறிஸ்தவத் தமிழர் கட்டடத்தை மாதா கோவில் என்றும் தேவாலயம் என்றும் அழைக்கிறார்கள். மக்களைத் திருச்சபை என்கிறார்கள். இந்த வேறுபாட்டைத் தமிழ் காத்து வைத்திருப்பது பெரும் நன்மை. ஆங்கிலத்தில் கட்டடத்துக்கும் மக்களுக்கும் சர்ச் என்ற ஒரே சொல்தான். ஆண்டவருக்குரியது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது.

புதிய ஏற்பாடு கையாளும் சொல் எக்லேசியா. கிரேக்க நகரங்களில் அறிவிப்பாளன் கூவி அழைக்க, குடிமக்கள் தத்தம் வீடுகளை விட்டு வெளியே வந்து பொது இடத்தில் கூடினார்கள். அந்தக் கூட்டத்துக்கு எக்லேசியா என்று பெயர். எபிரேய வேதத்தில் இதற்கு இணையாகக் காஹால் என்ற சொல் உண்டு. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியே அழைத்து வரப்பட்டுச் சீனாய் மலையடியில் இறைவன் முன் நின்ற இஸ்ரவேல் மக்களின் கூட்டம் அது. எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் காஹால் என்பதைப் பல இடங்களில் எக்லேசியா என்றே எழுதினார்கள். ஆகவே முதல் சீடர்கள் இச்சொல்லைக் கேட்டபோது அவர்கள் மனத்தில் தோன்றியது பாலைவனத்தில் கூடாரங்களில் தங்கி, இறைவனின் குரலுக்குச் செவிசாய்த்த மக்கள் கூட்டம்.

இயேசு சொன்ன இரண்டு இடங்கள்

நான்கு நற்செய்தி நூல்களிலும் இச்சொல் மத்தேயுவில் மட்டுமே வருகிறது. அதுவும் இரண்டே பகுதிகளில். இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் திருச்சபையின் முழுப் பொருளும் விளங்கும்.

முதலாவது பகுதி பதினாறாம் அதிகாரத்தில் உள்ளது. இடம் பிலிப்புச் செசரியா. எர்மோன் மலையடியில், யோர்தானின் ஊற்றுகளில் ஒன்று பெருகும் பாறைச் சரிவு அது. அங்கே ஒரு குகையருகே பான் என்னும் தேவனுக்கு வழிபாடு நடந்தது. ரோமப் பேரரசன் அகுஸ்துவுக்குப் பெரிய ஏரோது எழுப்பிய கோவிலும் அப்பகுதியில் இருந்தது. ஊரின் பெயரே சீசரின் பெயர். இத்தனை வல்லமைகளின் நிழலில், தாம் யார் என்று இயேசு தம் சீடர்களைக் கேட்கிறார். பேதுரு அவரைக் கிறிஸ்து என்றும் வாழும் கடவுளின் மைந்தர் என்றும் அறிக்கையிடுகிறார். அந்தப் பாறையின்மேல் தம் சபையைக் கட்டுவதாக இயேசு உரைக்கிறார். பாறை என்பது பேதுருவே என்று கத்தோலிக்க மரபு கொள்கிறது. பேதுருவின் விசுவாச அறிக்கையே பாறை என்று சீர்திருத்தச் சபைகள் பல கொள்கின்றன. இரு சாராரும் ஏற்கும் உண்மை ஒன்று உண்டு: கட்டுகிறவர் கிறிஸ்து, சபை அவருக்குரியது.

இரண்டாவது பகுதி பதினெட்டாம் அதிகாரம். இங்கே பாறையும் இல்லை, பேரரசனும் இல்லை. ஒரு சகோதரன் இன்னொருவனுக்குத் தீங்கு செய்துவிட்டான். என்ன செய்வது? முதலில் தனியே சென்று அவனிடம் பேச வேண்டும். கேட்காவிட்டால் ஓரிருவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். அப்போதும் கேட்காவிட்டால் சபையிடம் சொல்ல வேண்டும். அதைத் தொடர்ந்துதான், இரண்டு மூன்று பேர் தம் பெயரால் கூடும் இடத்தில் தாம் இருப்பதாக இயேசு வாக்களிக்கிறார். சிறிய கூட்டத்துக்கான ஆறுதல் மொழியாகவே இவ்வாக்கு பெரும்பாலும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆனால் அது பிறந்த இடம் மனத்தாங்கலைத் தீர்த்து ஒப்புரவாகும் இடம். திருச்சபையைப் பற்றி இயேசு இருமுறை பேசினார். ஒருமுறை விசுவாசத்தைப் பற்றி. மறுமுறை சகோதரனோடு சமாதானமாவதைப் பற்றி. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் சபை நொண்டிச் செல்லும்.

எருசலேமில் பிறந்த குடும்பம்

பாஸ்கா பண்டிகைக்கு ஐம்பது நாள் கழித்து வரும் பெந்தெகோஸ்தே நாளில் தூய ஆவி இறங்கியது. பல நாடுகளிலிருந்து வந்திருந்தவர்கள் தத்தம் மொழியிலேயே நற்செய்தியைக் கேட்டார்கள். அன்று ஏறக்குறைய மூவாயிரம் பேர் திருமுழுக்குப் பெற்றதாக அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. அவர்களுடைய வாழ்வுக்கு நான்கு அடையாளங்கள் இருந்தன: அப்போஸ்தலரின் போதனை, ஐக்கியம், அப்பம் பிட்குதல், ஜெபம். தனியாக ஓர் ஆலயம் கட்டியதாக அந்நூல் எங்கும் சொல்லவில்லை.

அடுத்து வந்த ஆண்டுகளிலும் சபை வீடுகளில்தான் கூடியது. பிலிப்பியில் லீதியாளின் வீடு, கொலோசெயில் பிலேமோனின் வீடு, ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் வாழ்ந்த வீடுகள் ஆகியவை வழிபாட்டு இடங்களாயின. ஐபிராத்து நதிக்கரையிலுள்ள துரா ஐரோப்போஸ் நகரில், மூன்றாம் நூற்றாண்டில் சபைக்காக மாற்றியமைக்கப்பட்ட ஒரு வீட்டை அகழ்வாய்வாளர் கண்டெடுத்துள்ளனர். பேரரசன் கான்ஸ்தந்தீன் காலத்தில், 313-ஆம் ஆண்டில், வழிபாட்டு உரிமை கிடைத்த பிறகே பெரிய ஆலயங்கள் பெருமளவில் எழுந்தன.

பந்தியில் வெளிப்பட்ட சோதனை

ஆதிச் சபை குறைகளற்றதாக இருந்தது என்று வேதாகமம் மறைத்துப் பேசவில்லை. அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசும் விதவைகள் விடுபட்டுப் போனார்கள். முறையீடு எழுந்தது. அப்போஸ்தலர் அதை அற்பமென்று தள்ளவில்லை. நற்பெயர் பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் செய்தார்கள். அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். யாருடைய விதவைகள் புறக்கணிக்கப்பட்டார்களோ அவர்களுடைய மொழியினர் கையிலேயே பொறுப்பு தரப்பட்டது போலும். இதுவே சபையில் எழுந்த முதல் நிர்வாக ஏற்பாடு. அது ஏழைப் பெண்களின் பசியிலிருந்து பிறந்தது.

கொரிந்துவிலோ நிலைமை இன்னும் மோசம். வசதி படைத்தவர்கள் முன்னதாக வந்து உண்டு குடித்தார்கள். இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். இப்படிச் செய்பவர்கள் சபையையே அவமதிக்கிறார்கள் என்று பவுல் கடிந்து எழுதினார். அதே நிருபத்தில்தான் சபையைக் கிறிஸ்துவின் சரீரம் என்று அவர் விளக்குகிறார். ஓர் உறுப்பு துன்புற்றால் எல்லா உறுப்புகளும் துன்புறும் என்பது அங்கே தத்துவமாகச் சொல்லப்படவில்லை. பசித்தவனைப் பாராமல் உண்டவர்களுக்குச் சொல்லப்பட்டது.

புனே மண்ணில் இந்தப் போதனை உயிர்பெற்றதற்குப் பண்டித ரமாபாய் சான்று. அவர் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். விதவைகளுக்காக 1889-ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கிய சாரதா சதனை அடுத்த ஆண்டே புனேவுக்குக் கொண்டுவந்தார். 1896-97 பஞ்சத்தின்போது கைவிடப்பட்ட பெண்களையும் சிறுமிகளையும் நூற்றுக்கணக்கில் மீட்டு, புனே மாவட்டத்துக் கேட்காவில் முக்தி இல்லத்தில் அடைக்கலம் தந்தார். எருசலேமில் எழுந்த விதவைகளின் குரல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மராட்டிய மண்ணில் கேட்கப்பட்டது எனலாம்.

தகர்ந்த சுவர்

எருசலேம் தேவாலய வளாகத்தில் ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. பிற இனத்தார் அதைத் தாண்டினால் மரணமே தண்டனை என்று கிரேக்க மொழியில் எச்சரிக்கும் கல்வெட்டு 1871-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டது. இன்று அது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளது. எபேசு நகரத்துத் துரோப்பீமுவை இந்தச் சுவரைத் தாண்டி அழைத்துச் சென்றார் என்று பவுல்மேல் பழி சுமத்தப்பட்டது; அதனாலேயே அவர் சிறைப்பட்டார். கிறிஸ்து நடுச்சுவரைத் தகர்த்து இரு இனத்தாரையும் ஒன்றாக்கினார் என்று எபேசியருக்கு எழுதிய நிருபம் போதிக்கிறது. தகர்ந்த அந்தச் சுவர் எவ்வளவு உண்மையானது என்பதைக் கல்வெட்டு காட்டுகிறது.

தமிழ் மண்ணும் இந்தச் சோதனைக்குத் தப்பவில்லை. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், சாதியார் தனித்தனியே அமர இரு கிளைகளாக ஆலயம் எழுந்தது. இரு பக்கத்தாரும் ஒரே பலிபீடத்தை நோக்கினார்கள், ஒருவரையொருவர் நோக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடுவிலிருந்த சுவர் அகற்றப்பட்டது. அதை மீட்டுத்தரக் கோரிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றது. ஒரே அப்பத்தை உண்டபின்னும் சுவர் வேண்டுமென்று மனிதர் வழக்காடியது வேதனைக்குரியது. கல்லால் கட்டிய சுவரை ஒரு நாளில் இடித்துவிடலாம். திருமணப் பேச்சிலும், கல்லறைத் தோட்டத்திலும், பந்தி வரிசையிலும் எழுப்பிய சுவரை இடிப்பதற்கு மனந்திரும்புதல் தேவைப்படுகிறது.

உயிருள்ள கற்கள்

பேதுரு தம் நிருபத்தில் விசுவாசிகளை உயிருள்ள கற்கள் என்று அழைக்கிறார். பாறை என்று பெயர் பெற்றவரே, அந்தப் பெயரின் சிறப்பை எல்லோருக்கும் பங்கிட்டுத் தருகிறார். கற்கள் தனித்தனியே கிடந்தால் அது குவியல். ஒன்றையொன்று தாங்கி நின்றால்தான் வீடு. தாங்குவதற்குத் தன் முனைகளைச் செதுக்கவும் ஒவ்வொரு கல்லும் இடங்கொடுக்க வேண்டும்.

வானவடிப் பேராலயம் தாங்கியிருக்கும் பெயரும் இதையே போதிக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த பேட்ரிக் அயர்லாந்தில் பிறந்தவர் அல்லர். பிரித்தானியாவிலிருந்து சிறுவயதில் கடத்தப்பட்டு, அங்கே அடிமையாய் ஆடு மேய்த்தவர். தப்பிச் சென்றபின், தம்மை அடிமைப்படுத்திய மக்களிடமே நற்செய்தியோடு திரும்பி வந்தார். தீங்கு செய்த சகோதரனிடம் முதலில் நீயே போ என்ற மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தின் போதனை அவர் வாழ்வில் நடந்தேறியது.

ஆகவே அன்பர்களே, ஆலயத்துக்குச் செல்லும் ஒவ்வொருவரும் வாசலில் நின்று தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியவை உண்டு. அருகில் அமர்பவரின் பெயர் தெரியுமா? இந்த வாரம் அவர் வீட்டில் அடுப்பு எரிந்ததா? பேசாமல் விட்ட சகோதரன் யார்? இக்கேள்விகளுக்கு விடை தேடி ஒருவர் எழுந்து அயலாரின் வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கும்போது, அழைப்பைக் கேட்டு வெளியே வந்தவர் ஆகிறார். எக்லேசியா என்ற சொல்லின் பொருளும் அதுவே.